பாட்டரி ஒர்க்‌ஷாப்

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு மண் கோப்பை இருக்கிறது. கோப்பை என்று நான்தான் சொல்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதில் சாம்பிராணி போடுவீர்களா, குருவிக்குத் தண்ணீர் வைப்பீர்களா என்று கேட்கிறார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வெளிப்புறம் முழுக்கப் பல்லி முதுகைப் போலச் சொரசொரவென்று புள்ளி புள்ளியாக இருக்கும். அதற்குள் ரிமோட்டுக்குப் போடுகிற பென்சில் பாட்டரிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். புதியதும் பழையதும் கலந்து கிடக்கும். எதற்கு உயிர் இருக்கிறது, எது போய்விட்டது என்று ஒவ்வொன்றாக ரிமோட்டில் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கோப்பையில் பாட்டரி தவிர வேறெதையும் வைக்க நான் விடுவதில்லை. காரணத்தைச் சொல்லப் போனால் என் முட்டாள்தனத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சேர்மனுடைய பிறந்தநாளுக்கு, அவருடைய விழுந்துபோன வலது கைக்கு என் நண்பர்கள் பாட்டரியிலிருந்து கரண்டு கொடுக்கப் போகிறார்கள் என்று நான் நம்பினேன். அதுவும் அவர் மனைவியின் சம்மதத்தோடு.

என்னைக் குறை சொல்வதற்கு முன்னால் என் வேலை என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆவடி தொழிற்சாலையில் நான் இருப்பது பாட்டரி செக்‌ஷன். டார்ச் லைட்டில் போடுகிற சமாசாரமல்ல. இரண்டு ஆள் பிடித்துத் தூக்க வேண்டிய பாட்டரிகள். ஆசிட் ஊற்றுவது, சார்ஜ் ஏற்றுவது, செத்ததைப் பிழைக்க வைப்பது, பிழைக்காததை ஓரங்கட்டுவது. என் பழைய பேண்ட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நட்சத்திரம் பார்க்கலாம், அத்தனை ஆசிட் ஓட்டை. சார்ஜ் ஏறும்போது கிளம்புகிற வாயுவுக்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சி கிழித்தால் பாட்டரி மூடி கூரையைப் பார்க்கப் போய்விடும் என்று புதிதாகச் சேருகிறவர்களை மிரட்டுவது என் உத்தியோகத்தின் ஒரு பகுதி. ஆகவே பாட்டரி என்ற சொல் என் காதில் விழுந்தால் மூளை ஒரே தடத்தில்தான் ஓடும்.

சேர்மன் எதற்குச் சேர்மன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாக்காரர்களும் உண்டு. அவர் சேலத்துக்காரர், எனக்கு நாலைந்து வயது மூத்தவர். குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்தில் கிடந்த ஒரு பழைய கேரம் போர்டைத் துடைத்து, பவுடர் போட்டு, கிளப் என்று பெயர் வைத்து, அன்று மாலையே தன்னைச் சேர்மனாக நியமித்துக்கொண்டார். நான்கே பேர் உள்ள கிளப்புக்குச் சேர்மன் எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர் போக மூன்று பேர். நான் ஒருவன். இரண்டாமவர் நாகர்கோவில்காரர், சர்ச்சில் பாடுகிறவர். எல்லோரையும் பிரதர் என்றே கூப்பிட்டதால் அவரே பிரதர் ஆகிவிட்டார். மூன்றாமவன் எங்களில் ஒரே உள்ளூர்க்காரன், அம்பத்தூரில் பிறந்தவன். அதனால் அவன் பெயர் மெட்ராஸ்.

சேர்மனின் ஆட்டத்தைப் பார்க்க மற்ற பிளாக்குகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர் விரல் ஸ்ட்ரைக்கரைத் தொட்டதா என்றே தெரியாது. காய் மட்டும் வலையில் விழுந்திருக்கும். விதிகளில் படு கறார். யாராவது எல்லையைத் தாண்டிக் கையை நீட்டினாலோ அவருடைய காயைத் தொட்டாலோ குரலை உயர்த்த மாட்டார். வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து நம் மணிக்கட்டில் டொக்கென்று ஒரு தட்டு. பிறகு ‘ஃபவுல்’ என்று ஒரே சொல். அந்தத் தட்டு வலிக்கும். அதிகம் வாங்கியவன் நான்தான் என்று சொல்லத் தேவையில்லை. ஆடத் தெரியாதவன் திருடித்தானே ஆக வேண்டும்.

அந்தக் கையைத்தான் பக்கவாதம் எடுத்துக்கொண்டது. கால் சில மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் பாதி வந்து நின்றுவிட்டது. தூக்கலாம், மடக்கலாம், ஆனால் நடுங்கும். வேலையை விட்டுவிட்டுக் காட்டுப்பாக்கத்தில் கட்டியிருந்த சொந்த வீட்டுக்குக் குடிபோனார். நாங்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்போம். ஒரு பூந்துண்டை மடித்து வலது கையின் மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, நான்கு டம்ளரில் டீ கொண்டுவருவார்கள். அவர் எடுக்க மாட்டார். இப்போதுதான் குடித்தேன் என்பார். ஒவ்வொரு வாரமும் இப்போதுதான் குடித்திருப்பார். உள்ளே ஸ்ட்ரா போட்டு ஆற வைத்துக் குடிக்கிறார் என்றும், யார் எதிரிலும் டம்ளரைத் தொடுவதில்லை, கல்யாணம் காட்சிக்கு வருவதையும் அதனாலேயே நிறுத்திவிட்டார் என்றும் அண்ணி ஒருநாள் வாசல் வரை வந்து எங்களிடம் மெதுவாகச் சொன்னார்கள். பழக்கினால்தான் கை வரும், மூடி வைத்தால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.

இந்த நிலைமையில்தான் அவருடைய பிறந்தநாள் வந்தது. பிரதர் எங்கள் மூவருக்கான வாட்ஸப் குழுவில் தமிழிலேயே தட்டி அனுப்பியிருந்தார். ஞாயிறு எல்லோரும் பாட்டரி ஒர்க்‌ஷாப் போகிறோம், வேன் சொல்லியாயிற்று, ஆளுக்கு ஒன்று நம் கையாலேயே செய்கிறோம், உடுப்பு பாழாகும், பழையது போட்டுக்கொண்டு வரவும், சேர்மனிடம் மூச்சு விட வேண்டாம். ஒவ்வொரு வரியும் எனக்கு ஆசிட் வாடை அடித்தது. பாட்டரி. ஒர்க்‌ஷாப். உடுப்பு பாழாகும். நடுங்குகிற கையோடு இருக்கும் மனிதரை ஆசிட் கேனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க எந்த மடையனுக்குத் தோன்றும் என்று பிரதருக்குப் போன் போட்டேன்.

“சேர்மன் கைக்கு இது ஒத்துவருமா பிரதர்?” என்றேன்.

“கைக்கு நல்லதாக்கும். டாக்டரே சொல்லிட்டாரு. அண்ணிதான் ஐடியாவே குடுத்தாவ” என்றார்.

கைக்கு நல்லது! அப்போதுதான் என் மூளையில் கரண்டு பாய்ந்தது. பிசியோதெரபியில் கையில் ஒயரை ஒட்டிச் சின்னச் சின்னதாகக் கரண்டு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் வைப்பது கட்டுப்படியாகாமல் இவர்கள் மொத்தமாக ஒர்க்‌ஷாப்பிலேயே வைத்துவிடத் தீர்மானித்துவிட்டார்கள். போதாததற்குப் பிரதர் இன்னொன்றும் சொன்னார். நாம் செய்து வைத்துவிட்டு வந்தால் போதுமாம், அவர்களே சுட்டு அப்புறமாகக் கொடுத்துவிடுவார்களாம். பாட்டரியைச் சுடுவதா! வெடித்துவிடாதா என்றேன். விளக்கமாகக் கேட்டிருக்கலாம் என்பீர்கள். ஆயுள் முழுக்க மற்றவர்களை ஏமாற்றிச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவன் உண்மையிலேயே பயந்து கேட்டாலும் எதிராளி சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவார். பிரதர் அப்படித்தான் வைத்தார்.

மெட்ராஸைக் கூப்பிட்டேன். அவன் என்னை விடத் தெளிவாக இருந்தான்.

“பாட்டரின்னா எனுக்கு இன்னா மாமே தெரியும்? நீதான அதுல கீற. எதுனா ஆச்சுன்னா நீ பாத்துக்க மாட்ட?”

அதோடு பொறுப்பு முழுக்க என் தலையில் வந்து இறங்கியது. ஆசிட் சிந்தினால் அதன் மேல் கொட்ட ஆப்ப சோடா வேண்டும். அது எங்கள் செக்‌ஷனில் பாலபாடம். மளிகைக் கடையில் இரண்டு கிலோ கேட்டேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இருந்த பாக்கெட்டுகளை எல்லாம் கொட்டிக் கொடுத்தார். என் மனைவி பொட்டலத்தைக் கையில் தூக்கி எடை பார்த்தாள். பிறகு மிகவும் இதமாகக் கேட்டாள்: “வேலை போயிடுச்சா? பஜ்ஜிக் கடை போடப் போறீங்களா? எதா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க.”

ஞாயிறு காலை நான் வேனில் ஏறியபோது என் மேல் நீல ஓவரால், காலில் கம்பூட்ஸ், நெற்றியில் தூக்கி விட்ட பாதுகாப்புக் கண்ணாடி, பையில் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறைகள், மடியில் ஆப்ப சோடா. பழைய உடுப்பு போடச் சொன்னதற்கு இவன் வழக்கம்போல் நக்கல் செய்கிறான் என்று பிரதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பருத்திப்பட்டு ஏரி ஓரமாகப் போய், பூந்தமல்லியைத் தாண்டிக் காட்டுப்பாக்கத்தில் சேர்மனையும் அண்ணியையும் ஏற்றிக்கொண்டோம். மாங்காடு அம்மன் கோயிலுக்கு என்று சொல்லி அண்ணி அவரைக் கிளப்பியிருந்தார்கள். வேன் மாங்காட்டுப் பக்கம் திரும்பாமல் திருமழிசைப் பக்கம் போனதும் அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கை துண்டுக்குள் இருந்தது.

பக்கத்தில் நான். கடைசி நேரத்தில் ஒரு உயிரையாவது காப்பாற்றுகிறேன் என்ற கம்பீரத்தோடு அவர் காதருகே குனிந்தேன்.

“சேர்மன், போற இடத்துல யாரு என்ன சொன்னாலும் அந்தக் கையை வெளிய எடுக்காதீங்க.”

“ஏன்டா?”

“சொன்னா கேளுங்க. துண்டுக்குள்ளயே இருக்கட்டும்.”

நான் எது சொன்னாலும் சிரிப்பவர் சிரிக்கவில்லை. துண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். சொன்னதைக் கேட்டுக்கொண்டார் என்று எனக்குப் பரம திருப்தி. அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

குத்தம்பாக்கத்துக்கு உள்ளே ஒரு தென்னந்தோப்பு. வேன் நின்றதும் நான் முதலில் குதித்தேன், கண்ணாடியை இறக்கி, கையுறைகளை மாட்டிக்கொண்டு. எதிரே நீளமான ஓலைக் கொட்டகை. அதன் கீழே வரிசை வரிசையாகச் சட்டி, பானை, ஜாடி, யானை பொம்மை. சார்ஜர் இல்லை, ஒயர் இல்லை, ஆசிட் கேன் இல்லை. கொட்டகையிலிருந்து மண் அப்பிய ஏப்ரனோடு ஓர் இளம்பெண் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். கரையானுக்கு மருந்தடிக்க நாளைக்குத்தானே வரச் சொன்னோம் என்றாள். அவள் தலைக்கு மேல் தொங்கிய பலகையில் மண்பாண்டப் பயிற்சிப் பட்டறை என்று எழுதியிருந்தது. மண்பாண்டம் வனைவதற்கும் ஆங்கிலத்தில் பாட்டரி என்றுதான் பெயராம். பிரதர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். களிமண்ணைப் பிசைந்தால் விரல்களுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதை வைத்து அண்ணி யோசித்துக் கண்டுபிடித்த இடம் அது. ஆளுக்கு ஒரு கோப்பை செய்ய வேண்டும். சேர்மன் துண்டை எடுத்துவிட்டு வலது கையால் மண்ணைத் தொட வேண்டும். அந்தப் பிறந்தநாளின் மொத்தத் திட்டமும் அவ்வளவுதான்.

அந்தப் பெண் சேர்மனை வணங்கி, வாங்க அப்பா, உட்காருங்க என்றாள். அவர் உட்கார்ந்தார். துண்டை எடுக்கவில்லை.

“எனக்கு வேணாம்மா. கையை வெளிய எடுக்காதேன்னு எங்க ஆளே சொல்லிட்டான்” என்றார்.

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலாம். இல்லை. அந்தக் கையைப் பார்க்க இவனுக்கே சகிக்கவில்லை, வெளியாள் எதிரில் இவனுக்கே வெட்கமாக இருக்கிறது என்று வேனில் வரும்போதே அவர் முடிவு கட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஆசிட் இருந்தது. அதற்கு ஆப்ப சோடா கேட்காது.

நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாட்டரி என்றால் பாட்டரி என்று நினைத்ததை, கரண்டு வைக்கப் போகிறார்கள் என்று பயந்ததை, ஆசிட் படக் கூடாதே என்று சொன்னதை. ஆதாரத்துக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். பிரதர் கர்த்தரே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மெட்ராஸ் ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அடப்பாவி மாமே, சேர்மன் கைய இன்னா ரிப்பேரு லாரின்னு நெனச்சுகினியா? ஒயரு போட்டு ஸ்டார்ட் பண்ண?”

சேர்மனும் லேசாகச் சிரித்தார். ஆனால் துண்டு அப்படியே இருந்தது. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சிரிக்கிறார் என்று தெரிந்தது. இது இவன் சொல்லும் சமாதானம், இவனுடைய ஆயிரம் பொய்களில் இன்னொன்று என்று எண்ணியிருப்பார். அதற்கு மேல் நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. கையுறையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்தேன்.

அது சதுரமான, தாழ்ந்த மேசை. நான்கு பக்கமும் முக்காலிகள். யாரும் சொல்லாமலேயே நாங்கள் நால்வரும் கேரம் போர்டைச் சுற்றி உட்காரும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம்; எதிரும் புதிருமாகச் சேர்மனும் பிரதரும், சேர்மனுக்கு வலப்பக்கம் நான், எனக்கெதிரே மெட்ராஸ். அந்தப் பெண் ஆளுக்கொரு மண் உருண்டை வைத்தாள். சேர்மன் முன்னாலும் ஒன்றை வைத்துவிட்டு, வற்புறுத்தாமல் நகர்ந்துவிட்டாள். உருண்டையின் நடுவில் கட்டைவிரலை இறக்கிக் குழி பறித்து, சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். பிரதர் பாட்டுப் பாடிக்கொண்டே பிடித்தார். மெட்ராஸ் மண்ணைத் திட்டிக்கொண்டே பிடித்தான். ரப்பர் கையுறையோடு நான் பிடித்த பிடியில் என் கோப்பை ஒரு பக்கம் வாயைப் பிளந்து தொங்கிவிட்டது. ஒட்டுப் போடக் கொஞ்சம் மண் தேவைப்பட்டது. எதையும் யோசிக்காமல், சேர்மன் முன்னால் சும்மா கிடந்த உருண்டையிலிருந்து ஒரு பிடி கிள்ளிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

மணிக்கட்டில் ஏதோ பட்டது. ஈ உட்கார்ந்த மாதிரி. அந்த ரப்பருக்கு மேல் எனக்கு அது தெரிந்ததே அதிசயம்.

“ஃபவுல்.”

துண்டு கீழே கிடந்தது. இரண்டு விரல்கள் சேர்ந்து என் கையுறையின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தன. அவருக்கே அது அப்புறம்தான் தெரிந்ததென்று நினைக்கிறேன். தன் கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். பிரதரின் பாட்டு பாதி வரியில் நின்றது. மெட்ராஸ் தென்னை மரத்தில் எத்தனை குலை என்று பார்ப்பதுபோல் தலையைத் தூக்கிக்கொண்டான். அண்ணி துண்டை எடுக்கக் குனியவில்லை. மெல்லக் காலால் அதை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

“என் காயைத் தொடாதடா” என்றார் சேர்மன். சொல்லிவிட்டு, அந்தக் கையாலேயே உருண்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதன் பிறகு பிற்பகல் முழுக்க அவர் அதை விடவில்லை. மற்றவர்கள் கோப்பை செய்தார்கள். அவர் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுக்கத்தில் விரல்கள் ஓரிடத்தில் நிற்காமல், நிற்பதற்காகவே இறுக்கி அழுத்தின. அழுத்திய இடமெல்லாம் பள்ளமாகியது. சுவர் தடித்து, அடி அகன்று, பார்க்க மருந்து இடிக்கும் கலுவத்தைப் போல இருந்தது. அந்தப் பெண் பள்ளங்களைத் தடவிச் சமமாக்கித் தரட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும்மா என்றுவிட்டார். பிரதர் கொண்டு வந்திருந்த கேக்கை மண் கையோடேயே வெட்டினோம். என் கோப்பையின் மேல் கையுறையின் புள்ளிகள் அச்சாக விழுந்திருந்தன. அதை அந்தப் பெண் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, இந்த டிசைனை எப்படிக் கொண்டு வந்தீர்கள் என்று வியந்து கேட்டாள். தொழில் ரகசியம் என்றேன். திரும்பி வரும்போது சேர்மன் வேனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். பூந்தமல்லி நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி, “நெசமாவே கரண்டு வெப்பாங்கன்னு நெனச்சியாடா?” என்றார். ஆமாம் என்றேன். காட்டுப்பாக்கம் வரும்வரை தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டு வந்தார்.

கோப்பைகளைச் சுட்டு, பூச்சுப் பூசி, மறுபடியும் சுட்டுக் கொடுக்கச் சில வாரங்கள் பிடித்தன. பிரதர் போய் வைக்கோலில் சுற்றி வாங்கி வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் காட்டுப்பாக்கத்தில் கூடினோம். அண்ணி பஜ்ஜி போட்டார்கள். சோடா என் உபயம். அந்தக் குடும்பத்துக்கு அடுத்த பல பிறந்தநாள்களுக்குத் தேவையான சோடாவை நான் வாங்கி வைத்திருக்கிறேன். டீயை அவரவர் கோப்பையிலேயே ஊற்றினார்கள். என் கோப்பை ஒட்டுப் போட்ட இடத்தில் கசிந்து, டீ முழுவதும் என் மடியில் இறங்கியது. மெட்ராஸ் அதற்கு ஆப்ப சோடா போடச் சொன்னான். அன்றோடு அது குடிக்கும் தகுதியை இழந்து, எங்கள் வீட்டில் பாட்டரி வைக்கும் உத்தியோகத்துக்கு வந்துவிட்டது.

நேற்றுகூட ரிமோட் நின்றுபோய், அதற்குள் கையை விட்டுத் துழாவினேன். பல்லி முதுகு விரலில் நெருடியது. என் மனைவி கடையில் நல்லதாக ஒரு டப்பா வாங்கித் தருகிறேன், அதைத் தூக்கிப் போடுங்கள் என்கிறாள். இருக்கட்டும் என்றேன்.

நடந்தது என்னவென்றால், என் கோப்பை கசிந்த அன்று அண்ணி நான்காவது கோப்பையிலும் டீ ஊற்றி மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அதில் இருந்த பள்ளங்கள் சேர்மனின் விரல்கள் போட்டவை. விரல்கள் அவற்றில் போய் உட்கார்ந்துகொண்டன. சேர்மன் வலது கையால் அதைத் தூக்கி, எங்கள் மூவருக்கும் எதிரில், டீயைக் குடித்தார். சட்டையில் கொஞ்சம் சிந்தியது. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.